பொன்னுச்சாமி திருத்திய காவிரி

கேமரா கைக்கு வருவதற்கு முன்னால் பொன்னுச்சாமி நல்ல மனிதராகத்தான் இருந்தார். குவைத்தில், ஃபஹாஹீலில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்த காதர் மைதீன் இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்து சொல்வார். எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாயும் வால்வும் சப்ளை செய்கிற காண்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பர் வேலை. காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ். வந்தால் குளியல், சமையல், ஊருக்கு ஒரு போன். வெள்ளிக்கிழமை துணி துவைத்து, மீன் வாங்கி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வாரம் முடிந்தது. யாருக்கும் தொந்தரவு கிடையாது.

வேலை முடிந்து மணிலாவுக்கே மூட்டை கட்டிய ஒரு பிலிப்பினோக்காரர், போகிற போக்கில் தன் பழைய கேமராவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

யூடியூபில் பாடம் நடத்த ஆளா இல்லை? படத்தைக் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று மனசுக்குள் கோடு கிழித்துப் பிரிக்க வேண்டும், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் முக்கியமான பொருளை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தார். பொன்னுச்சாமி அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். பாயில் சோறும் குழம்பும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தால், ஊறுகாய் பாட்டிலை ஓரத்துக்குத் தள்ளிவைப்பார். "நடுவுல வைக்காத காதரு, கம்போசிஷன் போயிருது" என்பார். காதர் மைதீன் கீழக்கரைக்காரர், பசி தாங்காதவர். "மச்சான், சோறு ஆறிப் போச்சு. உன் கம்போசிஷன மடிச்சு உள்ள வையி" என்பார். அதெல்லாம் காதில் ஏறினால்தானே?

கடலை எடுத்தார். வானத்தில் எரியும் எண்ணெய்க் கிணற்றுத் தீயை எடுத்தார். தூசிக்குள் முங்கிப்போன சூரியனை எடுத்தார். எல்லாம் வாட்ஸ்ஆப் குரூப்புக்குப் போனது. நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், அதில் மூன்று பேர் படத்தைத் திறந்தே பார்க்காதவர்கள். பொன்னுச்சாமிக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. யூடியூபில் பாடம் நடத்துகிற அத்தனை பேரும் ஏதாவது ஓர் ஆற்றங்கரையில்தான் முக்காலியை ஊன்றுகிறார்கள். குவைத்தில் தலைகீழாக நின்றாலும் ஆறு ஏது?

மே மாதம் லீவு கிடைத்தது. குளித்தலைக்குக் கொஞ்சம் கிழக்கே, காவிரியை ஒட்டி ஊர். பெட்டியை இறக்கிவைத்த கையோடு, "நாளைக்கு விடிகாலைல நாம ரெண்டு பேரும் ஆத்துக்குப் போறோம்" என்றார் மனைவி நாகவள்ளியிடம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமான நாளாக இந்த மனுஷன் கூப்பிட்டு அவள் போன இடமெல்லாம் பேங்கும் தாலுக்கா ஆபீசும்தான்.

"அந்தச் செவப்புப் பட்டக் கட்டிக்க" என்றார் அடுத்தபடியாக.

"பட்டா? ஆத்துக்கா?"

"மணலுக்கு முன்னாடி செவப்பு நின்னாத்தான் எடுப்பா இருக்கும் புள்ள."

எடுப்பாக இருக்கும் என்ற சொல் மட்டும்தான் நாகவள்ளியின் காதில் விழுந்தது. பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மே மாதத்துக் காவிரியை நான் சொல்லித் தெரிய வேண்டுமா? கரைக்குக் கரை மணல். நடுவில் வாய்க்கால் அளவுக்கு ஒரு தண்ணீர், போவதா வேண்டாமா என்று யோசித்தபடி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வளைவைப் பார்த்ததும் பொன்னுச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. பார்க்கிறவன் கண் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், போய் முடிகிற இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதற்குத்தான் நாகவள்ளி. கரையில் முக்காலியை ஊன்றிவிட்டு, அவளை மணலுக்குள் அனுப்பினார். போ போ என்று கையை ஆட்டி, அவள் ஒரு கைப்பிடி உயரத்துக்குத் தெரிகிற தூரம் வரை துரத்தினார். அப்புறம் கத்தினால் கேட்கவில்லை. போன் போட்டார்.

"கேக்குதா? இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போ."

"யாரு இடது?"

"என் இடது. நில்லு, நில்லு. இப்பத் திரும்பி முதுகக் காட்டி நில்லு."

"முதுகா? மூஞ்சி வேணாமாங்க?"

"மூஞ்சி எதுக்கு? நீ ஆத்தப் பாக்கணும். படத்தப் பாக்குறவன் உன் கூடச் சேந்து ஆத்தப் பாப்பான்."

"அப்ப அது நாந்தான்னு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லுவேன்ல."

கல்யாணமான நாளிலிருந்து போனிலேயே குடித்தனம் நடத்திய ஜோடி அது. ஒரே ஆற்றில், ஒரே வெயிலில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றபோதும் போனில்தான் பேசிக்கொண்டார்கள். மணல் சூடேறத் தொடங்கியது. செருப்பு படத்தில் தெரியக்கூடாது என்று அதையும் கழற்றச் சொல்லியிருந்தார் புண்ணியவான். அவள் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

"இங்கேருந்து பாத்தா நீங்க எம்புட்டுச் சின்னதாத் தெரியறீங்க, தெரியுமா?" என்றாள் போனில், சிரித்துக்கொண்டே.

"ஆடாத" என்றார் பொன்னுச்சாமி.

படம் என்னவோ நன்றாக வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே நன்றாக வந்தது. வெளிறிய மணல், அதில் வளைந்து போகும் தண்ணீர், அது போய்த் தொடுகிற இடத்தில் விரல் நுனியளவு சிவப்பு. வற்றிப்போன ஆற்றை ஒற்றை ஆளாக நின்று பார்க்கிற ஒரு பெண். குவைத்துக்குத் திரும்பியதும் காதர் மைதீனிடம் காட்டினார். காதர் எந்தப் படத்தையும் புகழாதவர். அவரே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி என்னத்தையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு மச்சான். மனச என்னமோ பண்ணுது" என்றார்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ஃபஹாஹீலில் காவிரிக்கரை மன்றம் என்று ஒன்று இருந்தது.

மன்றத்தின் தலைவர் மதுசூதனன், பெரிய கம்பெனியில் இன்ஜினியர். பிறந்தது வளர்ந்தது சென்னையில், காவிரியை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவர் மனைவி பத்மாசனி மன்றத்தின் கலைச் செயலாளர். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு கொண்டாடுவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஊரில் பெண்கள் ஆற்றுக்குப் போய், படித்துறையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டு, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள் அல்லவா? குவைத்தில் ஆற்றுக்கு எங்கே போவது? ஆகவே மேடைக்குப் பின்னால் மேடையளவுக்கு ஓர் ஆற்றுப் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டிவிடுவார்கள். பெண்கள் அதன் முன்னால் படையல் வைத்துக் கும்பிடுவார்கள். கடவுளுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? ஏற்றுக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

போன வருஷம்தான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. இன்டர்நெட்டில் பிடித்த ஆறு. இரண்டு பக்கமும் ஊசியிலை மரம், பின்னால் பனிமலை. அதைக்கூட யாரும் கண்டுகொள்ளவில்லை. முளைப்பாரி வைத்து, கும்மியடித்து, கற்பூரத்துக்குப் பதிலாக பேட்டரி விளக்கைச் சுற்றிக் காட்டி முடித்த பிறகு, ஒரு குழந்தை விரல் நீட்டி, "மம்மி, லுக், பேர்!" என்று கத்தியது. இடது ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், வாயில் மீனைக் கவ்விக்கொண்டு ஒரு கரடி நின்றிருந்தது. அத்தனை பெண்களும் புதுத் தாலிக்கயிற்றோடு விழுந்து கும்பிட்டது அதன் காலடியில்தான்.

இந்த வருஷம் அசல் காவிரிதான் வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. பொன்னுச்சாமியின் படம் மதுசூதனனின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவரே கூப்பிட்டார். "பொன்னுச்சாமி, உங்க படத்தைத்தான் மேடைல போடறோம். கீழே உங்க பேர் போடுவோம். மேடைல கூப்பிட்டுப் பொன்னாடையும் உண்டு" என்றார்.

பொன்னுச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? ஸ்டோரில் அவர் பெயரை யார் கூப்பிட்டார்கள்? எகிப்துக்காரர் "யல்லா ஸ்டோர்" என்பார், ஹிந்திக்காரர் "ஸ்டோர் பாய்" என்பார். பெயர் இருக்கிறது என்பதே பத்தாகா என்கிற அடையாள அட்டையைப் புதுப்பிக்கும்போதுதான் ஞாபகம் வரும். உடனே ஊருக்குப் போன் போட்டார்.

"நாகு, நீ இங்க மேடைல வரப்போற. ஒரு வீட்டு உசரம் இருக்கும் படம். ஊரே பாக்கும்."

நாகவள்ளி மெதுவாக, "நெசமாவா? நான் அங்க வர்றேனா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பொன்னுச்சாமிக்குத் தெரியும். குடும்ப விசா எடுக்கிற அளவுக்கு அவர் வேலை இல்லை. வருஷக்கணக்காக அவள் குவைத்தைப் பார்த்ததெல்லாம் போன் திரையில், அவர் முதுகுக்குப் பின்னால் தெரிகிற அடுக்குக்கட்டிலும் தொங்குகிற லுங்கியும்தான். படமாகவாவது அவள் குவைத்துக்கு வரப்போகிறாள்.

"நீ இல்லாம அது படமே இல்ல புள்ள" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆடிப் பதினெட்டு அன்று விழாவை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுவார்களாம், பக்கத்து வீட்டு பானுப்பிரியா அதை டிவியில் போட்டுக் காட்டுவாளாம். இத்தனை ஏற்பாடும் அங்கே நடந்துகொண்டிருந்தபோது, இங்கே கமிட்டி கூடியது.

"பிரமாதமான படம்" என்று ஆரம்பித்தார் மதுசூதனன். "ஒரே ஒரு சின்ன விஷயம். தண்ணி இல்லையே?"

"மே மாசம் சார். அதான் சார் படத்தோட அழகே."

"ஆடிப்பெருக்குங்க இது. பெருக்கு! மணலைப் போய்க் கும்பிடச் சொல்றீங்களா?"

நியாயம்தானே என்று பட்டது பொன்னுச்சாமிக்கு. தண்ணீருக்கு எங்கே போவது? காதர் மைதீனின் மச்சினன் ராஜிக், ஓமானில், சலாலாவில் ஹோட்டல் வேலை பார்க்கிறான். மழைக்காலத்தில் அங்கே மலையெல்லாம் பச்சையாகி, பள்ளத்தாக்கில் தண்ணீர் ஓடும். போன வருஷம் எடுத்த படங்களை அனுப்பிவைத்தான். பொன்னுச்சாமி லேப்டாப்பில் உட்கார்ந்து, சலாலாத் தண்ணீரை வெட்டி எடுத்து, கரைக்குக் கரை காவிரியில் விட்டார். கோர்ட் இல்லை, கமிஷன் இல்லை, பந்த் இல்லை. கேட்டவுடன் ஓமான் காவிரிக்குத் தண்ணீர் கொடுத்தது. வளைந்து போன அந்த ஒற்றைத் தண்ணீர்க் கோடு அதில் மூழ்கிப்போனது. போகட்டும், பெருக்கு என்றால் மூழ்கத்தானே செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அடுத்து பத்மாசனி பேசினார். "எதிர்க்கரைல அந்த மொபைல் டவர் வேண்டாமே. அந்த டிராக்டரும். அப்புறம் அங்க என்ன, நாயா? அதையும் எடுத்துடுங்கோ. ஒரு கோபுரம் இருந்தா லட்சணமா இருக்கும்."

டவர் போனது, டிராக்டர் போனது. நாய் நாலு கால் பாய்ச்சலில் நின்றது நின்றபடி மறைந்தது. கோபுரம் வந்து நின்றது. எந்த ஊர்க் கோபுரம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தென்னை பத்தவில்லை என்று கமிட்டியில் ஒருவருக்குக் குறை. இருந்த ஒரு மரத்தையே திரும்பத் திரும்ப நட்டு, ஒரு தோப்பை உண்டாக்கினார். எல்லா மரத்திலும் அதே இடத்தில் அதே மட்டை முறிந்து தொங்கியது.

ஸ்பான்சர் ஒருவர் இருந்தார். பாட்டில் தண்ணீர்க் கம்பெனிக்காரர். சாப்பாட்டுச் செலவு அவருடையது. அவர் தண்ணீர் பாட்டில் வலது கரையில், கோபுரத்துக்குக் கொஞ்சமும் குறையாத உயரத்தில் எழுந்தருளியது. இரு கரையும் புரளும் காவிரி, அதன் ஓரத்தில் குடிக்க பாட்டில் தண்ணீர். கமிட்டிக்கு அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

நாகவள்ளிக்குத்தான் நிற்க இடம் இல்லாமல் போனது. மணலில் நின்றவள், தண்ணீரை விட்டதும் தண்ணீருக்கு மேலே நிற்கிறாள். கொஞ்சம் கீழே இறக்கினால் வெள்ளத்தில் போகிறாள். எதிர்க்கரைக்கு ஏற்றினால் கோபுரத்தில் இடிக்கிறாள். வலது பக்கம் வந்தால் பாட்டில் காலடியில், அதைத் தூக்க வந்த ஆள் போல நிற்கிறாள். ஒரு வாரமாகப் பொன்னுச்சாமி பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆற்றுக்குள் அலையாத இடமில்லை. ஊரில் ஒருநாள்கூட இவ்வளவு நேரம் அவளோடு சேர்ந்து சுற்றியதில்லை.

"என்ன மச்சான், தங்கச்சிய எங்க வெச்ச?" என்பார் காதர், வெங்காயம் நறுக்கியபடி.

"வெச்சிருவேன், வெச்சிருவேன். கடைசில அவதான்."

கடைசியில் ஒரே ஓர் இடம் மிஞ்சியது. இடது பக்கம் கீழே, ஒரு படித்துறை வரைந்திருந்தார். அந்தப் படியில் அவளை நிறுத்தினார். சிவப்புப் புடவையும் படியும் பொருந்திப் போயின. மூன்றில் ஒரு பங்குக் கோடு சரியாக அவள் மேலேயே ஓடியது. நிம்மதியாக மூச்சுவிட்டு, மதுசூதனனுக்கு அனுப்பினார்.

"பிரமாதம். ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் அவர். "பத்மா சொல்றா, முதுகைக் காட்டிண்டு ஒரு லேடி நிக்கறது நல்ல நாள்ல அவ்வளவு மங்களமா இல்லைன்னு. ஆனா அது உங்க இஷ்டம், நான் கட்டாயப்படுத்தல. அப்புறம், உங்க பேர் போட அந்த இடம்தான் இருக்கு. மத்த இடத்துல எல்லாம் எழுத்து எடுபடாது. ஒண்ணு அவங்க, இல்லேன்னா உங்க பேர். காலைல பிரிண்டுக்குப் போகணும், யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் சொல்லலாம். பொன்னுச்சாமி யோசித்தார். அவள் இருப்பது விரலளவு. அதுவும் முதுகு. அவளென்று அவளுக்கே தெரியாது. தன் பெயர் தெரிந்தால் அவளுக்கும் பெருமைதானே? புருஷன் பெயர் வந்தால் பெண்டாட்டி பெயர் வந்த மாதிரி. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். அடுக்க அடுக்க எல்லாம் நியாயமாகவே இருந்தது.

நாகவள்ளியைச் சுற்றி ஒரு கோடு கிழித்தார். ஒரு பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது. பிறகு அக்கம்பக்கத்திலிருந்து கொஞ்சம் படியையும் தண்ணீரையும் எடுத்து அவள் நின்ற இடத்தை மூடியது. துளி அடையாளம் இல்லை. என்ன சுத்தமாக எடுத்திருக்கிறது என்று பொன்னுச்சாமி ஒரு தொழில்காரனுடைய திருப்தியோடு பார்த்தார். அப்புறம் அந்த இடத்தில், வெள்ளை எழுத்தில், "நிழற்படம்: பொன்னுச்சாமி" என்று போட்டார். ஒரு சுற்றுப் பெரிதாகவே போட்டார்.

நாகவள்ளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். தினமும் போனில் அவள், "அங்க எல்லாரும் பாப்பாங்கல்ல?" என்று ஆரம்பிப்பாள். அவர், "டூட்டி இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று முடிப்பார்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு சனிக்கிழமையில் வந்தது. ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில், மங்காஃபில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். வெளியே முட்டையை வைத்தால் வெந்துவிடும். உள்ளே ஏசி போர்வை கேட்டது. மேடை முழுக்கக் காவிரி பொங்கியது. பட்டுப் புடவை கட்டிய பெண்கள் அதன் முன்னால் முளைப்பாரியை ஏந்தி வரிசையாக நின்றார்கள். ஆற்றில் விட வேண்டிய பூவை ஆற்றின் மேல் வீசினார்கள். அது ஃப்ளெக்ஸில் பட்டு, பொத்பொத்தென்று மேடையில் விழுந்தது. சப்பரம் இழுத்து வந்த ஒரு பொடியன், "அப்பா, வேர் இஸ் த வாட்டர்?" என்று கேட்டான். அவன் அப்பா பாட்டிலைக் காட்டினார்.

பொன்னுச்சாமி மேடைக்குக் கீழே, புதுச் சட்டையில், பொன்னாடைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். தன் பெயரைப் பார்க்கலாம் என்று இடது மூலையைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியை யாரோ அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். பெயரில் ஓர் எழுத்தாவது தெரிய வேண்டுமே! எழுதின அத்தனையும் அதற்குப் பின்னால். மைக், ஸ்பீக்கர் பக்கம் ஒத்தாசைக்குக் காதர் மைதீன் நின்றார். அவரிடம் நகர்த்தச் சொல்லலாம் என்று வாயெடுக்கும்போதே போன் அடித்தது. நாகவள்ளி.

கும்மிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் காதருக்குப் பக்கத்தில் ஒதுங்கினார்.

"என்னங்க, டிவில தெரியுது! எல்லாரும் வந்துருக்காங்க. அடேங்கப்பா, எம்புட்டுத் தண்ணி! நம்ம ஆறா அது?" பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம். "நான் எங்கங்க இருக்கேன்? தேடித் தேடிப் பாக்குறோம், காணோமே."

பொன்னுச்சாமியின் கண் அந்தக் கறுப்புப் பெட்டியில் போய் நின்றது. தப்பிக்க ஒரு வழி கிடைத்தால் மனுஷன் விடுவானா?

"அந்த ஸ்பீக்கர் பொட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி. படியில நிக்கிற. மறைச்சிட்டானுங்க."

"ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்கிறேனாம்" என்று அவள் அங்கே மற்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. "அட, அத நகத்தச் சொல்லச் சொல்லு அக்கா" என்றது பானுப்பிரியாவின் குரல். நாகவள்ளி தயங்கித் தயங்கி, "யாருட்டயாச்சும் சொல்லிக் கொஞ்சம் நகத்தச் சொல்றீங்களா? ஒரு நிமிஷம் பாத்துக்கிறோம். தொந்தரவுன்னா வேணாம்" என்றாள்.

காதர் மைதீனுக்குக் காது இருக்கிறதே! "தங்கச்சி, இதெல்லாம் ஒரு தொந்தரவாம்மா? இப்பப் பாரு" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கிளம்பிவிட்டார். "காதரு, வேணாம், இரு" என்று பொன்னுச்சாமி சட்டையைப் பிடிப்பதற்குள் மேடை ஏறிவிட்டார். அவ்வளவு பெரிய பெட்டியை வயிற்றோடு அணைத்து, தம் கட்டி, நாலடி தள்ளி வைத்தார். பெரிய காரியம் செய்த முகத்தோடு திரும்பிப் படத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

படித்துறை காலியாக இருந்தது. அதன் மேல் வெள்ளையாக எழுத்து.

போனில் பானுப்பிரியா எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "நி-ழற்-படம்... பொன்னுச்சாமி. அக்கா, மாமா பேரு!" டிவியிலிருந்து வரும் கும்மிப் பாட்டு மட்டும் சில நொடி பிந்தி இங்கே திரும்பக் கேட்டது.

"நாகு..." என்றார் பொன்னுச்சாமி.

"பேரு நல்லாத் தெரியுதுங்க" என்றாள் நாகவள்ளி. "பெரிய எழுத்தாப் போட்டுருக்காங்க."

"அது வந்து, இடம் பத்தல புள்ள..."

"சரிங்க. நான் வக்கிறேன். நம்ம ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போவுது. ஊரே கெளம்பிப் போயிருச்சு. நாங்கதான் உங்க ஆத்தப் பாக்கணும்னு வீட்டுல உக்காந்துட்டோம்."

போன் அணைந்தது. அதே நேரம் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து. மதுசூதனன் பொன்னாடை போர்த்தினார். கைதட்டினார்கள். கீழேயிருந்து ஒருவர் போனை நீட்டிப் படம் எடுத்தபடி, "அண்ணே, கொஞ்சம் இடது பக்கம் போங்க. இன்னும் கொஞ்சம். அங்கேயே நில்லுங்க, ஆடாதீங்க" என்றார். பொன்னுச்சாமி ஆடாமல் நின்றார். வெட்கமாக இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், ஆளுக்கொரு ஸ்பான்சர் பாட்டில். பொன்னாடை மடியில் கிடந்தது. காதர் மைதீன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன் ஒரு தரம் அதிர்ந்தது. நாகவள்ளியிடமிருந்து ஒரு படம். எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும்.

பானுப்பிரியா எடுத்திருக்க வேண்டும், மேல் மூலையில் அவள் விரல் மங்கலாக விழுந்திருந்தது. படத்தில் முக்கால்வாசி நாகவள்ளியின் முகம்தான், அதுவும் நட்டநடுவில். நெற்றியில் வியர்வையும் குங்குமமும் கலந்து இறங்கியிருந்தன. அதே சிவப்புப் பட்டு. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. காவிரி அவள் தோளுக்கு மேலே கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிந்தது, அதுவும் ஒரு பக்கம் சரிந்து, கொட்டிவிடும் போல. முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுச்சாமி வெகுநேரம் பார்த்தார். இவளை இவ்வளவு கிட்டத்தில் தான் ஒரு படம்கூட எடுத்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் பழக்கதோஷம் யாரை விட்டது? சரிந்திருந்த தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினால் தேவலையே என்று, அவரையும் அறியாமல் கட்டைவிரல் நகர்ந்து, எடிட் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே போய் நின்றது.

காதர் மைதீன் எட்டிப் பார்த்தார்.

"மச்சான்" என்றார், வாயில் சோற்றோடு. "கைய எடு."

பொன்னுச்சாமி கையை எடுத்தார்.